மலையகத்தில் பொதுச் சுகாதார ஆளணிக்குப் பணம் ஒழுங்கு செய்வது: புதிதாக வருபவர்களுக்கு

தோட்டத்து வரிசை வீடுகளான லயம் ஒன்றில் நான்கு பேருக்கு நெருப்புக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியிலிருந்து எச் 544 என்ற நோய் அறிவித்தல் படிவம் வருகிறது. எம்.ஓ.எச். ஒஃபிஸில், அதாவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், அதைத் தொற்றுநோய்ப் பதிவேட்டில் ஏற்றி, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பொதுச் சுகாதார பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கொடுக்கிறார்கள். அவர் எச் 411 என்ற விசாரணைப் படிவத்தோடு லயத்துக்குப் போக வேண்டும். யார் எங்கே சாப்பிட்டார்கள், பீலித் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறது, அந்த ஊற்றுக்கு மேலே யாருடைய மலசலகூடக் குழி இருக்கிறது, பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில்) சமைப்பவருக்குக் காய்ச்சல் வந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இதெல்லாம் ஆள் நடந்து போய்ச் செய்யும் வேலை. ஆனால் சுகாதாரத்துக்கென்று பணம் கேட்டால் சுலபமாகக் கிடைப்பது புகை அடிக்கும் மெஷினும் கணினியும் திறப்பு விழாவுக்குக் கட்டடமும்தான்.

பிரதேச சபைக்குப் புதிதாக வந்த உறுப்பினர், தொண்டு நிறுவனத்தில் திட்ட அலுவலராகச் சேர்ந்தவர், எம்.ஓ.எச். ஒஃபிஸில் திட்டமிடல் வேலை கையில் விழுந்த அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆகிய மூன்று பேரை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது.

யாருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்

1987-இல் வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தடுப்புச் சுகாதாரம் மாகாணத்தின் கையில் இருக்கிறது. எம்.ஓ.எச். டொக்டர், பி.எச்.ஐ., குடும்பநல உத்தியோகத்தர் (மிட்வைஃப்), மேற்பார்வை செய்யும் பொதுச் சுகாதார தாதிய சகோதரி எல்லோரும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் கீழ் வருகிறார்கள். இவர்களுடைய சம்பளம் திறைசேரியிலிருந்து நிதி ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி மாகாணத்துக்கு வரும் தொகுதி மானியத்திலிருந்து போகிறது. கணக்குக் கிளையில் இதை "பிளொக் கிராண்ட்" என்றே சொல்வார்கள். மத்திய மாகாண சபையின் காலம் 2018-இலும் ஊவாவின் காலம் 2019-இலும் முடிந்துவிட்டன. தேர்தல் நடக்காததால் இப்போது மாகாணப் பாதீடு ஆளுநரின் பொறுப்பில் இருக்கிறது. மாகாண சபை உறுப்பினர் ஒருவரைப் பிடித்துச் சபையில் கேள்வி எழுப்பலாம் என்ற பழைய வழி இப்போது இல்லை. பிரதேச, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக்கூட்டங்கள்தான் அந்த இடத்தில் நிற்கின்றன.

கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவு, தேசிய டெங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவு, காசநோய், மலேரியா இயக்கங்கள் ஆகியவை மத்திய சுகாதார அமைச்சின் பணத்தில் இயங்குகின்றன. தடுப்பூசி, மருந்து, பயிற்சி, வழிகாட்டல் அங்கிருந்து வரும். உங்கள் ஊர் பி.எச்.ஐ.யின் மாதச் சம்பளம் அங்கிருந்து வராது. நுவரெலியா, பதுளை, பண்டாரவளை, கண்டி போன்ற மாநகர சபைகளின் எல்லைக்குள் சபையின் பணத்திலும் பொதுச் சுகாதார உத்தியோகத்தர் இருப்பார்கள். அதனால் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு முதலாளி, அந்தப் பக்கம் இன்னொரு முதலாளி.

தோட்டத்தில் கணக்கு வேறு. டிஸ்பென்சரியில் இருக்கும் வைத்திய உதவியாளர், பிள்ளைக் காம்பரா பொறுப்பாளர், சில இடங்களில் தோட்ட மிட்வைஃப் ஆகியோருக்குச் சம்பளம் கம்பனி கொடுக்கிறது. 1992-இல் தோட்டங்கள் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் போன காலத்தில் உருவான நிதியம்தான் இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமாக இருக்கிறது. தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரோடு பேசும்போது அந்த நிதியத்தின் பிராந்திய அலுவலகத்துக்கும் பிரதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் கடிதம் தோட்ட முகாமையாளரான துரையின் மேசையிலேயே இருந்துவிடும்.

மூன்று எண்கள் இல்லாமல் பேச வேண்டாம்

"எங்களுக்கு ஆள் போதாது" என்ற வசனத்துக்கு எந்தக் கணக்காளரும் பணம் தர மாட்டார். ஒவ்வொரு பதவிக்கும் மூன்று எண்களை எடுக்க வேண்டும்: மக்கள்தொகைப்படி எத்தனை பேர் தேவை, அங்கீகரிக்கப்பட்ட ஆளணி (அனுமதிக்கப்பட்ட பதவிகள்) எத்தனை, உண்மையில் வேலையில் இருப்பவர் எத்தனை.

முதலாவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு, 10,000 பேருக்கு ஒரு பி.எச்.ஐ., 3,000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர். 72,000 பேர் உள்ள ஒரு எம்.ஓ.எச். பிரிவை உதாரணமாக எடுப்போம். இந்த அளவுப்படி 7 பி.எச்.ஐ.யும் 24 குடும்பநல உத்தியோகத்தரும் தேவை. அங்கீகரிக்கப்பட்ட ஆளணியில் 5 பி.எச்.ஐ. என்று இருக்கலாம். சம்பளப் பட்டியலில் 4 பேர் இருக்கலாம். அந்த நான்கில் ஒருவர் "இணைப்பில்" வேறு மாவட்டத்தில் வேலை செய்யலாம். அப்படியானால் மலையில் ஏறுவது 3 பேர். இணைப்பில் போனவரின் பதவி நிரம்பியதாகவே காட்டப்படும். அதனால் அந்த இடத்துக்கு வெற்றிடம் கேட்க முடியாது. நான்காவது எண்ணாக இதைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். இழுபறி அதிகம் நடப்பது இதில்தான்.

ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும்? ஒவ்வொரு இடைவெளிக்கும் கதவு வேறு. 5-க்கும் 4-க்கும் இடையில் உள்ளது வெற்றிடம். அதற்குப் புதிய நிதி அனுமதி பெரும்பாலும் தேவையில்லை, ஆட்சேர்ப்போ இடமாற்றமோ போதும். 4-க்கும் 3-க்கும் இடையில் உள்ளது இணைப்பை ரத்துச் செய்யும் விஷயம். அதற்கு ஒரு சதமும் வேண்டியதில்லை. 7-க்கும் 5-க்கும் இடையில் உள்ளதுதான் ஆளணித் திருத்தம். அது பிராந்தியப் பணிப்பாளரிடமிருந்து மாகாணத்துக்கும், அங்கிருந்து திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்துக்கும் போகும் நீண்ட வழி. புதிதாக வருபவர்கள் நேராக இந்தக் கடைசிக் கதவைத் தட்டி ஒரு வருடத்தை வீணாக்குகிறார்கள். மற்ற இரண்டையும் முதலில் தட்டுங்கள்.

எண்களை வாய்மொழியாகக் கேட்டால் ஆளுக்கொரு கணக்கு வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016, இலக்கம் 12) இதற்கு நல்ல கருவி. பிராந்தியப் பணிமனையின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம். "இன்ன திகதியில், இன்ன எம்.ஓ.எச். பிரிவில், பதவி வாரியாக அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, கடமையில் உள்ளோர், இணைப்பில் உள்ளோர்" என்று ஒரே அட்டவணையாகக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். "ஏன் ஆள் இல்லை?" என்று கேட்டால் அது தகவல் கோரிக்கை ஆகாது, விளக்கம் கேட்டதாகிவிடும். ஆவணத்தில் இருப்பதை மட்டும் கேளுங்கள். இதை அனுப்புமுன் எம்.ஓ.எச். டொக்டரிடம் ஒரு வார்த்தை சொல்வது மரியாதை. அவருக்கும் அந்த அட்டவணை தேவைதான், ஆனால் அவர் தன் மேலதிகாரியிடம் அப்படிக் கேட்க முடியாது.

மக்கள்தொகையில் கவனம் வேண்டும். எம்.ஓ.எச். பிரிவு, பிரதேச செயலகம், பிரதேச சபை, தோட்டம் என்ற நான்கின் எல்லைகளும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் ஓடுவதில்லை. ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷன் ஒரு எம்.ஓ.எச். பிரிவிலும் கீழ் டிவிஷன் இன்னொன்றிலும் விழலாம். குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டை கிராம உத்தியோகத்தரின் பட்டியலோடு ஒப்பிட்டு, எந்த டிவிஷன் இரண்டிலும் விடுபட்டது என்று பாருங்கள். நோய் பரவி, பிந்தித் தெரியவருவது அப்படி விடுபட்ட டிவிஷனில்தான்.

வேலையை நாட்களாக மாற்றுங்கள்

மக்கள்தொகை அளவு சமவெளிக்கும் மலைக்கும் ஒன்றே. நீர்கொழும்பில் 10,000 பேர் சில கிலோமீற்றருக்குள் இருப்பார்கள். மஸ்கெலியாவிலோ அக்கரப்பத்தனையிலோ அதே 10,000 பேர் ஒன்றுக்கொன்று எதிர் மலைகளில் உள்ள டிவிஷன்களில் சிதறியிருப்பார்கள். இந்த வித்தியாசத்தை எண்ணில் காட்டினால்தான் ஆளணித் திருத்தக் கோரிக்கைக்குப் பலம் வரும்.

ஒரு பி.எச்.ஐ.யின் மாதத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். வேலை நாள் 22. ஒஃபிஸ் கூட்டங்களுக்கு 2, நீதிமன்றத்துக்கு 2, அறிக்கை எழுத 2 போனால் மீதி 16. நகரத்து சாப்பாட்டுக் கடை, பேக்கரி, சந்தைக்கு 3, பாடசாலைக்கு 3 போக மீதி 10. மாதம் 12 நோய் அறிவித்தல்கள் வந்து, ஒரு நாளைக்கு இரண்டு வீடுதான் பார்க்க முடிகிறது என்றால் 6 நாள். மீதி 4. அவருடைய பகுதியில் 14 டிவிஷன்கள் இருந்து, ஒவ்வொன்றின் நீர்மூலத்தையும் மாதத்துக்கு ஒரு தடவை, நாளைக்கு இரண்டாகப் பார்க்க 7 நாள் வேண்டும். 3 நாள் குறைகிறது, வருடத்துக்கு 36 நாள். டெங்கு வாரம், வெள்ளம், மண்சரிவு முகாம் இந்தக் கணக்கில் இன்னும் வரவேயில்லை.

இவை உதாரண எண்கள். உங்கள் பகுதிக்கு பி.எச்.ஐ.யின் நாட்குறிப்பிலிருந்தும் தொற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்தும் மூன்று மாதத் தரவை எடுத்துப் போடுங்கள். ஒரு மழை மாதம் கட்டாயம் இருக்கட்டும். பதிவேட்டில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அறிவித்தல் வந்த திகதிக்கும் பி.எச்.ஐ. வீட்டுக்குப் போன திகதிக்கும் இடையில் எத்தனை நாள். நகரத்தில் 2, தோட்டத்தில் 9 என்று வந்தால் அந்த ஒரு வரி பத்துப் பக்க விண்ணப்பத்தை விட அதிகம் பேசும்.

கணக்கு முடிந்ததும் உடனே "இன்னொரு பி.எச்.ஐ. தாருங்கள்" என்று எழுதிவிடாதீர்கள். குறைகிற வேலை எது என்று பாருங்கள். மேலே உள்ள உதாரணத்தில் 7 நாளைத் தின்பது நீர்மூலப் பார்வை. குழாயடியில் மீதிக் குளோரின் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று பார்க்க, தோட்டத்தில் தண்ணீர் லைன் பார்ப்பவரையே பழக்கலாம். அவர் தினமும் பார்த்துக் கொப்பியில் எழுதினால் பி.எச்.ஐ. மாதத்தில் 2 நாளில் எல்லாக் கொப்பியையும் சரிபார்த்துவிடுவார். ஆனால் கட்டடத்துக்குள் நுழைவது, அறிவித்தல் கொடுப்பது, வழக்குப் போடுவது போன்ற வேலைகளுக்கு 1897ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல் கட்டளைச்சட்டமும் 2007ஆம் ஆண்டு நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டமும் அதிகாரம் பெற்ற உத்தியோகத்தரையே சொல்கின்றன. உதவியாளரை வைத்து அந்த வேலையைச் செய்வித்தால் வழக்கு நிற்காது.

பி.எச்.ஐ. பதவிக்கு அனுமதி கிடைத்தாலும் ஆள் உடனே வர மாட்டார். பயிற்சிக்குச் சேர்ப்பது மத்திய அமைச்சு. களுத்துறை தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவனத்திலும் பிற பயிற்சி நிலையங்களிலும் படித்து முடித்த பிறகுதான் மாகாணங்களுக்குப் பிரிப்பார்கள். இன்று கேட்ட ஆள் சில வருடம் கழித்துத்தான் கையில் கிடைப்பார். அதிலும் தமிழ் பேசுபவர் கிடைக்க, உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்த தோட்டத்துப் பிள்ளைகள் விண்ணப்பித்திருக்க வேண்டும். விஞ்ஞானப் பிரிவு உள்ள தோட்டப் பாடசாலைகள் குறைவு. ஆகவே உயர்தர விஞ்ஞான மாணவருக்கு ரியூஷன், விடுதிச் செலவு கொடுக்கும் சிறு நிதிகூட இந்த ஆளணிச் செலவின் ஒரு பகுதிதான். கொடையாளர்கள் இதைக் "கல்வி" என்று வேறு கோப்பில் போடுவார்கள். போடட்டும்.

ஒரு ஆளின் முழு விலை

புதிதாக எழுதப்படும் விண்ணப்பங்களில் மாதச் சம்பளத்தைப் 12-ஆல் பெருக்கி நிறுத்திவிடுகிறார்கள். ஒப்பந்த அடிப்படையில் ஒரு கள உதவியாளரைத் தொண்டு நிறுவனம் அமர்த்துகிறது, மாதம் 45,000 ரூபாய் என்று வைப்போம். பெருக்கினால் 540,000. உண்மையில் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் பங்கு 12 வீதம் 5,400, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் 1,350. மாதம் 51,750, வருடம் 621,000. பஸ் கட்டணமும் நடுவில் ஆட்டோவும் மாதம் 6,000 என்றால் 72,000. தொலைபேசி 12,000. மழைக்கோட், பூட்ஸ், அட்டைக்கடிக்கு நீளக் காலுறை, டோர்ச், பை 18,000. ஆரம்பப் பயிற்சி 15,000. மொத்தம் 738,000. முதல் கணக்கை விட 198,000 அதிகம். இந்தத் தொகையை விட்டுவிட்டுத் திட்டம் தொடங்கினால் எட்டாவது மாதத்தில் பஸ் காசுக்கு வழியில்லாமல் உதவியாளர் வீதியோரத்து டிவிஷன்களை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பார். தற்காலிக ஊழியர் என்பதால் சேமலாப நிதி தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். தவறு. முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணமும் உண்டு.

அரசாங்க உத்தியோகத்தர் விஷயத்தில் சம்பளத்தைத் தொட வேண்டியதில்லை. அங்கே ஓட்டை பயணச் செலவில். 16 கள நாட்கள், நாளுக்கு 40 கிலோமீற்றர் என்றால் மாதம் 640. மேட்டில் லீற்றருக்கு 30 கிலோமீற்றர்தான் ஓடும் என்றும் பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் என்றும் வைத்தால் எரிபொருள் மட்டும் 6,400. பிரேக், டயர், செயின் எல்லாம் தோட்டத்துப் பாதையில் சீக்கிரம் போகும். சுற்றறிக்கையில் உள்ள பயணப்படி உச்சவரம்பை இந்தத் தொகைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வித்தியாசத்தை இப்போது பி.எச்.ஐ. தன் சட்டைப்பையிலிருந்து கொடுக்கிறார், அல்லது தூர டிவிஷனுக்குப் போகாமல் விடுகிறார். ஆட்சேர்ப்புக்கு வருடக்கணக்காகும், இந்த ஓட்டையை அடுத்த பாதீட்டிலேயே அடைக்கலாம். ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் உங்களுக்குச் செல்வாக்கு இருக்கிறது என்றால் அதைப் பயணச் செலவில் போடுங்கள்.

மாதிரி கொண்டுபோகும் செலவு யாருடைய பட்டியலிலும் இருக்காது. கிருமிப் பரிசோதனைக்கான தண்ணீர் மாதிரியை, குளோரினை முறிக்கும் மருந்து இட்ட, கிருமி நீக்கிய போத்தலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 6 மணித்தியாலத்துக்குள் லெப்புக்குக் கொண்டுபோவது நல்லது. 24 மணித்தியாலம் தாண்டினால் முடிவை நம்ப முடியாது. பொகவந்தலாவை மேல் டிவிஷனில் பகல் 11 மணிக்கு எடுத்த மாதிரியோடு பஸ்ஸில் கண்டிக்குப் போனால் லெப் மூடியிருக்கும். விடியற்காலையில் எடுக்க வேண்டும், ஒரு வாகனம் வேண்டும், லெப்புக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மாதம் நான்கு தடவை வாடகை வாகனம் என்று தனி வரி போடுங்கள்.

எந்தப் பணத்தில் எதைக் கேட்பது

பாதீட்டுப் புத்தகத்தில் செலவுகளுக்கு எண் உண்டு. 1001 சம்பளம், 1002 மேலதிக நேரம், 1003 பிற படிகள், 1101 உள்நாட்டுப் பயணம், 1202 எரிபொருள், 1301 வாகனப் பராமரிப்பு, 1401 போக்குவரத்து. 1-இல் தொடங்குபவை மீண்டுவரும் செலவு, 2-இல் தொடங்குபவை மூலதனச் செலவு. மாகாண அபிவிருத்தி மானியமாக வரும் பி.எஸ்.டி.ஜி. பணம் மூலதனத்துக்கு. அதில் கட்டடம், தளபாடம், உபகரணம் வாங்கலாம், சம்பளம் கொடுக்க முடியாது. "பணம் வந்திருக்கிறதே, ஏன் ஆள் எடுக்கவில்லை?" என்று கூட்டத்தில் கேட்கும் உறுப்பினருக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்கும். உங்கள் கோரிக்கையில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் இந்த எண்ணை எழுதுங்கள். கணக்காளர் அதைப் பார்த்ததும் முகம் மாறும், நல்ல விதமாக.

பிரதேச சபை பற்றி ஒரு பழைய பேச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது: "தோட்டத்துக்குச் சபைப் பணம் செலவழிக்க முடியாது." 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு அதற்குத் தடையாக இருந்தது. 2018-இல் அது திருத்தப்பட்டது. செயலாளர் மறுத்தால் திருத்தச் சட்டத்தின் பிரதியை மேசையில் வையுங்கள். அதே சமயம் நிலம் கம்பனியின் குத்தகையில் இருப்பதால் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூல இணக்கம் எடுத்துக்கொள்வது பின்னால் வரும் கணக்காய்வு வினாவிலிருந்து காப்பாற்றும்.

சபையால் பி.எச்.ஐ.யை உருவாக்க முடியாது. தற்காலிக ஆட்சேர்ப்புக்கும் சுற்றறிக்கைக் கட்டுப்பாடுகள் உண்டு. சபையால் நன்றாகச் செய்யக்கூடியது மாதிரி கொண்டுபோக வாகனம், கான் துப்புரவுக்குக் கூலியாட்கள், டெங்குச் சோதனை நாட்களில் ட்ரக்டரும் ஆட்களும், நீர்மூலத்துக்கு வேலி. சோலை வரி, ஏக்கர் வரி, வியாபார உரிமக் கட்டணம், முத்திரை வரிப் பங்கு எவ்வளவு வருகிறது என்று முதலில் பாருங்கள். நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை போன்ற, பெரிய சபைகளைப் பிரித்து உருவாக்கிய புதிய சபைகளுக்குச் சொந்த வருமானம் குறைவு. அங்கே 50 இலட்சம் கேட்பதை விட, மாதம் எட்டு வாகன நாட்கள் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவது கைகூடும்.

தோட்டத்திடம் பணமாகக் கேட்காதீர்கள், ஆள்நாளாகக் கேளுங்கள். தண்ணீர் லைன் பார்ப்பவருக்கும் டிவிஷனுக்கு ஒரு சுகாதாரத் தொண்டருக்கும் பயிற்சி நாளில் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலிக்கான வரவு, போட வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணைத் தொண்டராக எடுத்துவிட்டு அரைப் பேர் போட்டால் அவர் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார். அது அவருடைய குற்றமல்ல. வரவை வைத்துக் கொடுக்கும் படிகளும் அந்த நாளோடு போய்விடும் என்பதால் இழப்பு ஒரு நாள் கூலியை விடப் பெரியது. துரையிடம் இதை எழுத்தில் வாங்குங்கள். கங்காணிக்கும் பெரிய கிளாக்கருக்கும் பிரதி போகட்டும், பேர் எழுதுவது அவர்கள்தான்.

வெளிநாட்டுப் பணம் இரண்டு வகையாக வருகிறது. உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் 2018 முதல் ஆரம்பச் சுகாதாரத்துக்குத் தந்தவை திறைசேரி வழியாகத்தான் போகின்றன. 2018-இல் தொடங்கிய ஆசிய அபிவிருத்தி வங்கியின் திட்டம் மத்திய, ஊவா, சப்ரகமுவ, வடமத்திய மாகாணங்களுக்காக வகுக்கப்பட்டது. இப்படிப்பட்ட பணத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, பிராந்தியத் திட்டமிடல் பிரிவு வழியாக உங்கள் தேவையை அதற்குள் நுழைக்க வேண்டும். மற்றது தொண்டு நிறுவனக் கொடை. அதைப் பெற அமைப்பு பதிவாகியிருக்க வேண்டும்: 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அல்லது கம்பனிச் சட்டத்தின் உத்தரவாதக் கம்பனியாக. கொடைப் பணத்தில் அரச உத்தியோகத்தருக்கு மேலதிகக் கொடுப்பனவு கொடுக்க வேண்டுமானால் முதலில் திணைக்களத் தலைவரின் எழுத்து அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் "சும்மா பெற்றோலுக்கு" என்று உறையில் கொடுத்தால், வாங்கியவர்தான் பின்னால் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஒப்பந்த ஆளைச் சேர்க்கும் நாளிலேயே முடியும் நாளுக்கான ஏற்பாட்டையும் எழுதுங்கள். டெங்கு ஒழிப்புக்கென்று தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் நின்றதை நாடு பார்த்திருக்கிறது. 24 மாதத் திட்டம் என்றால் 12ஆவது மாதத்தில் அந்த வேலையை யார் எடுப்பது என்று பிராந்தியப் பணிமனையோடு பேச்சைத் தொடங்க வேண்டும்.

நோய் குறைந்த வருடம்தான் ஆபத்தான வருடம்

1963-இல் இலங்கை முழுவதும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர். கண்காணிப்பும் தெளிப்பும் தளர்ந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோய் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. நாடு மலேரியா அற்றதென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2016 செப்டெம்பரில். நடுவில் ஐம்பது வருடத்துக்கும் மேல் போய்விட்டது. பாதீட்டுக் கூட்டத்தில் "போன வருடம் நெருப்புக்காய்ச்சல் இல்லையே, எதற்கு இந்த வரி?" என்று யாராவது கேட்பார்கள். அதனால் கோரிக்கையை நோயாளி எண்ணிக்கையில் கட்டாதீர்கள். பார்க்க வேண்டிய நீர்மூலம், டிவிஷன், பாடசாலை, உணவுக் கடை ஆகியவற்றின் எண்ணிக்கையில் கட்டுங்கள். நோய் குறைந்தாலும் அவை குறையாது.

2017-இல் நாட்டில் 186,000-க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளிகள் பதிவானார்கள். அப்படி ஒரு அலை வரும்போது புதிதாக விலைமனு கேட்டு வாகனம் எடுக்க நேரமிருக்காது. வாகன வாடகை விலை, தொண்டர் நாட்கொடுப்பனவு, அயல் பிரிவு பி.எச்.ஐ. வந்தால் யார் கணக்கில் பயணப்படி என்பவற்றை ஜனவரியிலேயே ஒரு தாளில் எழுதி எம்.ஓ.எச்., பிரதேச செயலாளர், சபைச் செயலாளர் மூவரும் கையெழுத்திடட்டும். மண்சரிவு முகாமுக்கும் அதே தாள் உதவும்.

எப்போது, எந்த மேசைக்கு

நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஆளணி அட்டவணைக்கான தகவல் கோரிக்கையை மார்ச்சில் அனுப்புங்கள். வேலைநாள் கணக்கை மே மாதத்துக்குள் முடியுங்கள். வரும் வருட மதிப்பீட்டைத் திறைசேரி ஆண்டின் நடுப்பகுதியில் கேட்கத் தொடங்கும். பிராந்தியப் பணிமனைக் கணக்காளர் அதற்கு முன்பே தன் தாளை நிரப்பியிருப்பார். ஆகவே ஜூன் மாதம் உங்கள் கோரிக்கை அவர் மேசையில் இருக்க வேண்டும். நவம்பரில் பாராளுமன்றத்தில் வரவுசெலவுத் திட்டம் வாசிக்கும்போது ஊடகத்தில் சத்தம் போடுவதால் எம்.ஓ.எச். ஒஃபிஸின் 1101-இல் (பயணச் செலவில்) ஒரு ரூபாயும் அதிகரிக்காது. பிரதேச சபைக்கு ஆகஸ்ட், செப்டெம்பர் சரியான காலம், டிசம்பருக்குள் சபை தன் பாதீட்டை நிறைவேற்றிவிடும்.

ஒதுக்கீடு கிடைத்துவிட்டது என்று கோப்பை மூடாதீர்கள். தாளில் ஒதுக்கீடு இருந்தும், மாதாமாதம் வரவேண்டிய கட்டுநிதி, அதாவது இம்ப்ரெஸ்ட், பிந்தும். பயணப்படி வவுச்சர்கள் மூன்று நான்கு மாதம் தேங்கும். உத்தியோகத்தர் முதலில் குறைப்பது தூரத்து டிவிஷன் பயணத்தை. ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் மாதங்களில் கணக்குக் கிளையில் இரண்டு எண்களைக் கேளுங்கள்: 1101-இல் இதுவரை செலவானது எவ்வளவு, கொடுக்கப்படாத வவுச்சர் எவ்வளவு. ஒக்டோபரில் பணம் மிஞ்சியிருக்கும் வேறு செலவு விடயம் ஏதாவது இருந்தால், நிதிப்பிரமாணம் 66-இன் கீழ் இங்கே மாற்றலாமா என்று எம்.ஓ.எச். டொக்டர் மூலம் எழுதலாம். நவம்பர் கடைசியில் எழுதினால் கையெழுத்துக் கிடைக்கும் முன் வருடம் முடிந்து, டிசம்பர் 31-க்குப் பிறகு மிஞ்சிய பணம் திரும்பிப் போய்விடும்.